வேலைக்குப் போற ஆள் எத்தனை ஏக்கர் கதை விதைக்கலாம்?

பங்குனி கடைசியில், குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற இடங்களில், கோடை நெற்செய்கையான சிறுபோகத்துக்குக் கூட்டம் வைப்பார்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தார், கமநல சேவை நிலையத்தார், கமக்காரர் அமைப்புக்காரர் என்று எல்லாரும் கூடியிருந்து முதலில் கேட்பது ஒன்றைத்தான். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி. மாரி பொய்த்த வருசங்களில் அதற்கு எவ்வளவோ கீழே நிற்கும். நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் இந்த முறை எத்தனை ஏக்கர், ஆளுக்கு என்ன பங்கு என்று முடிவெடுப்பார்கள். காணி கிடக்கிறதே என்று முழுக்க விதைத்தால் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் வறண்டு போகும். அளந்து அரை ஏக்கர் விதைத்தவர் மூட்டை கட்டுவார். அளக்காமல் ஐந்து ஏக்கர் விதைத்தவருக்கு வைக்கோல்தான் மிஞ்சும்.

வேலைக்குப் போய்க்கொண்டு கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கூட்டத்தை வைக்காமலே விதைக்கத் தொடங்கி விடுகிறார்கள். தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் புதுக் கொப்பி வாங்கி, இந்த வருசம் நாவல் முடிப்பேன், தினமும் ஆயிரம் சொல் எழுதுவேன் என்று தொடங்குவார்கள். மாசியில் அறுவடை, பங்குனியில் தவணைப் பரீட்சை. சித்திரையில் கொப்பியின் பதினோராம் பக்கத்தோடு எல்லாம் நின்றுவிடும். அதற்குப் பிறகு தனக்குத் திறமை இல்லை என்று நினைத்து ஒதுங்குகிற நல்ல எழுத்தாளர்கள் உண்டு. திறமையில் குறை இல்லை. தண்ணீரை அளக்காமல் விதைத்ததுதான் பிழை.

"தினமும் எழுது" என்ற அறிவுரையை வன்னியில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வருசம் முழுக்க ஒரே அளவு வேலை, ஒரே அளவு வெக்கை, ஒரே அளவு வெளிச்சம் உள்ளவருக்கு அது சரி. இங்கே எந்த வேலையும் அப்படி ஓடுவதில்லை. கிராம அலுவலருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் இரவு பகல் கிடையாது. தற்காலிக முகாம், பாதிப்புப் பதிவு, நிவாரணப் பட்டியல், அதற்கு மேல் ஆண்டிறுதிக் கணக்கு. ஆசிரியருக்கு ஒவ்வொரு தவணை முடிவிலும் மூன்று கிழமை விடைத்தாள்களோடு போகும். கமக்காரருக்கு ஐப்பசி விதைப்பும் மாசி, பங்குனி அறுவடையும். முல்லைத்தீவுக் கரையில் தொழில் செய்கிறவருக்கோ இது தலைகீழ். வாடைக்காற்றோடு கடல் கொந்தளிக்கிற மாரி மாதங்களில்தான் வள்ளம் கரையில் கிடக்கும், கையும் ஓய்ந்திருக்கும். அவர் மார்கழியில் எழுதட்டும். கந்தோர் ஆள் மார்கழியில் குறிப்பு மட்டும் எடுக்கட்டும். ஒரே அட்டவணை இரண்டு பேருக்கும் சரிவராது.

ஆகவே முதலில் அளவு. பதினான்கு நாள், குறையாமல். ஒரு கிழமை போதாது, ஏனென்றால் சம்பளக் கிழமையும் மற்றக் கிழமையும் ஒன்றில்லை. சட்டைப் பையில் அடங்குகிற கொப்பியில் நாளை அரை மணி அரை மணியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு குறி போடுங்கள். தலை தெளிவாக இருந்த நேரத்துக்கு ஒரு புள்ளி. கை வேலையில் இருக்க, தலை சும்மா இருந்த நேரத்துக்கு ஒரு கோடு. இரண்டும் களைத்திருந்த நேரத்துக்கு ஒரு புள்ளடி. நித்திரையையும் எழுதுங்கள். இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழும்பினதைக் "காலை எழுத்து நேரம்" என்று கணக்கில் சேர்ப்பது குளத்தடியில் நிற்கிற சேற்றையும் தண்ணீர் என்று அளக்கிற மாதிரி. மூன்று நாள் ஓடும், நாலாம் நாள் மேசையிலேயே நித்திரை.

எழுதுவதற்கு உரியது புள்ளி நேரம் மட்டும். அரசாங்கக் கந்தோரில் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை வேலை செய்து, பிள்ளைகளையும் பார்க்கிற ஒருவருக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் இவ்வளவுதான்: கிழமை நாட்களில் மூன்று விடியற்காலை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். சனி அல்லது ஞாயிறு ஒரே இருப்பில் இரண்டரை மணித்தியாலம். கூட்டினால் 4 மணி 45 நிமிடம். குறைவாகத் தெரியும். அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கையால் எழுதும் முதல் வரைவு மணித்தியாலத்துக்கு 250 சொல் என்று வைத்தால் அது நேர்மையான அளவு. உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல் பிடிக்கிறது என்று ஒருமுறை எண்ணி வைத்தால், பிறகு பக்கத்தை மட்டும் எண்ணினால் போதும். 2000 சொல்லில் ஒரு சிறுகதை என்றால் முதல் வரைவுக்கு 8 மணித்தியாலம். உரத்து வாசித்துக் குறி போட 3. திருப்பி எழுத இன்னொரு 8, ஏனென்றால் நல்ல கதையில் பாதி இரண்டாம் முறைதான் வரும். ரைப் செய்து எழுத்துப் பிழை பார்க்க 3. மொத்தம் 22 மணித்தியாலம், அதாவது ஐந்து கிழமை. வரைவு முடிந்து திருப்பி எழுதத் தொடங்கும் முன் இரண்டு கிழமை கொப்பியை மூடி வைக்க வேண்டும். அதைச் சேர்த்தால் ஒரு கதைக்கு ஏழு கிழமை. வருசத்து 52 கிழமைகளில் உங்கள் வேலை விழுங்குகிற கிழமைகளை, 16 என்று வைத்து, கழியுங்கள். அவை மூடின கிழமைகள். மிச்சம் 36 திறந்த கிழமை. ஐந்து கதை.

வருசத்துக்கு ஐந்து முடித்த கதை என்றால் மூன்று வருசத்தில் ஒரு தொகுப்பு நிறைகிறது. 40,000 சொல் நாவல் என்றால் முதல் வரைவுக்கே 160 மணித்தியாலம், இதே கணக்கில் 34 கிழமை. திறந்த கிழமைகள் அவ்வளவும் அதற்கே போகும். அதே வருசம் சிறுகதையும் எழுதி, நாவலும் எழுதி, கவிதையும் போடுகிறேன் என்றால் மூன்றும் பதர். நாவல் என்று தீர்மானித்தால் இரண்டு வருசம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு இறங்குங்கள். கலண்டரில் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களையும் வட்டமிட்டு வையுங்கள். மாதம் ஒன்று, சில வருசங்களில் பதின்மூன்று வரும். பெருநாள் மாதிரி வீட்டில் வேலை குவியாத விடுமுறை அது. வரைவின் கடினமான காட்சிகளை அந்த நாட்களுக்கு ஒதுக்கலாம்.

நேரம் ஏன் விடியற்காலையாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை, கூரை. சித்திரை முதல் புரட்டாதி வரை தகரமோ சீற்றோ போட்ட வீட்டுக்குள் பின்னேரம் இரண்டு மணிக்கு யாரும் ஒரு வசனத்தைச் சிந்திக்க முடியாது. சூடு இரவு எட்டு, ஒன்பது வரை கூரையில் நிற்கும். நாலே முக்காலுக்குத்தான் வீடு குளிர்ந்திருக்கும். மாரியில் நிலைமை மாறும். அந்த நேரம் கரண்ட் நின்றிருக்கலாம், நுளம்பும் இருக்கும். ஆகவே மாரிக்குச் சார்ஜ் விளக்கு ஒன்று, மேசைக்குக் கீழே நுளம்புத்திரி ஒன்று, இரண்டையும் முதல் நாள் இரவே எடுத்து வைக்க வேண்டும். விடியத் தேடினால் 45 நிமிடத்தில் பத்து போய்விடும். போனை மற்ற அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வாருங்கள். அலாரத்துக்குச் சந்தையில் வாங்குகிற சின்ன மணிக்கூடு போதும்.

குறுகிய நேரத்தில் எழுதுகிறவருக்கு உண்மையான கெட்டித்தனம் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கதைகள் சாவது இங்கேதான். காட்சி முடிந்ததும் கொப்பியை மூடுவது எல்லாருக்கும் பழக்கம். மனசுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வரும்போது முன்னால் வெறும் தாள். புதுக் காட்சியைத் தொடங்க இருபத்தைந்து நிமிடம் யோசித்து, மிச்ச இருபதில் நாலு வரி எழுதி, அதையும் வெட்டிவிட்டு வேலைக்கு வெளிக்கிடுவீர்கள். மாறாக, நேரம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, காட்சி நடுவில், முடிந்தால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். அடியில் மூன்று குறிப்பு எழுதுங்கள்: இப்போது ஆர் எங்கே நிற்கிறார், அவருக்கு என்ன வேணும், அடுத்த வாய்ப்பேச்சு ஆருடையது. "சைக்கிள் இன்னும் வேலியில சாத்திக் கிடக்கு. அண்ணன் காசு கேக்க வந்தவர், இன்னும் வாய் திறக்கேல்ல. தங்கச்சி தேத்தண்ணியோட வருவா, அவதான் முதல் கதைக்க வேணும்." இவ்வளவு போதும்.

திரும்பி வரும்போது முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள். வாசித்தால் முதல் பக்கத்தைத் திருத்தத் தொடங்குவீர்கள், அடுத்த நாளும் அதுவே. இருபது தரம் மினுக்கின முதல் பக்கமும், எழுதப்படாத முடிவும் உள்ள கதைகள் அலுமாரிகளில் நிறையக் கிடக்கின்றன. கடைசி அரைப் பக்கத்தை மட்டும் எடுத்து, புதுத் தாளில் அப்படியே கையால் திருப்பி எழுதுங்கள். ஏழெட்டு நிமிடம் செல்லும். கை ஓடத் தொடங்கினதும் பழைய வரி முடிந்து புது வரி தானாக வரும். முதல் வரைவில் ஒரு பெயரோ ஊரோ தெரியாவிட்டால் ஒரு வெற்றுக் கோடு போட்டு விட்டுவிட்டுப் போங்கள். பெயர் தேடி எழும்பினால் அன்றைய நேரம் முடிந்தது.

பதினான்கு நாள் கணக்கில் கோடு போட்ட நேரம், அதாவது கை வேலையில் இருக்க, தலை சும்மா இருந்த நேரம், எழுதுவதற்கு இல்லை, கதையைப் பழுக்க வைப்பதற்கு. ஏ-35 வீதியில் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். பஸ்ஸில் எழுத முடியாது. குலுக்கத்தில் எழுத்து வாசிக்க முடியாமல் போகும், தலையும் சுற்றும். ஆனால் இயர்போனைப் போட்டுக்கொண்டு போனில் குரலைப் பதிவு செய்யலாம். பக்கத்தில் இருப்பவர் யாரோடோ கதைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். அதைவிடப் பயனுள்ளது, வரைவை வீட்டில் உரத்து வாசித்துப் பதிந்துகொண்டு பஸ்ஸில் கேட்பது. காதில் விழும்போது, ஒரே சொல் மூன்று தரம் வந்த இடமும், பாத்திரம் பேசாத மாதிரிப் பேசுகிற இடமும் உடனே பிடிபடும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ரயிலில் போய்வருகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வசதி. இருக்கை கிடைத்தால் எழுதலாம்.

தையல் தொழிற்சாலை லைனில் நிற்கிறவர்களுக்கு, மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்ற கணக்குக்குள் கை ஓடும். அங்கே குறிப்பு எழுத நேரம் கிடையாது. ஒரு வேலை நேரத்துக்கு மூன்று சொல் என்று வைத்துக்கொள்ளலாம். யோசித்ததை மூன்று சொல்லாகச் சுருக்கி, சாப்பாட்டு இடைவேளைவரை மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்து எழுதி வைப்பது. மூன்றுக்கு மேல் போனால் முதலாவது மறந்துவிடும். பரணில் யானைக் காவலுக்கு இருக்கிறவருக்கும் அதேதான். கையில் ரோச்சும் வெடியும் இருக்க வேண்டும், கொப்பி இருக்கக் கூடாது. அந்த இரவில் காது எடுத்துக்கொண்டதை விடிந்ததும் பத்து வரியில் எழுதினால் அது வேறு எவராலும் எழுத முடியாத பத்து வரி.

வேலை எழுத்துக்கு எதிரி என்று புலம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வன்னியின் பேச்சு முழுவதும் உங்கள் மேசைக்கு முன்னால்தான் வரிசையில் நிற்கிறது. முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி மாதிரியான பழைய ஊர்களின் பேச்சு ஒன்று. வட்டக்கச்சி, உருத்திரபுரம், முத்தையன்கட்டு மாதிரியான குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வீட்டுப் பேச்சு இன்னொன்று. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறின குடும்பங்களின் பேச்சு மூன்றாவது. ஒரே சந்தையில் மூன்றும் கேட்கும். கதைகளில் பார்த்தால் எல்லாரும் ஒரே யாழ்ப்பாணத்து நடையில் கதைப்பார்கள். இது பெரிய குறை. கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்து, கிழமைக்கு ஐந்து சொல் மட்டும் சேருங்கள்: சொல், சொன்னவரின் வயசு, எந்தப் பக்கத்து ஆள், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார். பெயர் வேண்டாம். வருசத்துக்கு 260 சொல். எந்த அகராதியும் இதைத் தராது.

அதே பட்டியலில் காட்டையும் எழுதுங்கள். பாலை எப்போது பழுக்கும், வீரை எப்போது, குளம் எந்த மாதம் வான் பாயும், சோளகம் எப்போது எழும்பும். ஆவணியில் குளம் வான் பாய்கிற மாதிரி ஒரு வரி எழுதிவிட்டால் இங்கத்தைய வாசகர் அந்த இடத்திலேயே கதையை நம்புவதை விட்டுவிடுவார்.

ஆனால் மேசைக்கு முன்னால் நிற்கிறவர் உங்களை நம்பி வந்தவர். இந்த எல்லையை மிகவும் கண்டிப்பாகக் காக்க வேண்டும். அலுவல் வழியாகக் கிடைத்த தகவலை வெளியே விடக் கூடாது என்பது அரச ஊழியருக்கான விதிநூலான தாபனக் கோவையில் உள்ளது. கோவையில் இல்லாவிட்டாலும் விடக் கூடாது. காணாமல் போன மகனுக்காகப் படிவம் நிரப்ப வந்த அம்மா சொன்ன வசனம் அவருடையது. ஆஸ்பத்திரியில், நீதிமன்றத்தில், சிறுவர் பராமரிப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. பெயரை மாற்றினால் போதும் என்பார்கள். முந்நூறு குடும்பம் உள்ள ஊரில் பெயரை மாற்றினாலும் ஆள் தெரியும். தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஊர், சம்பவம் நடந்த வருசம், இந்த நாலில் குறைந்தது மூன்று மாற வேண்டும். அப்படியும் ஊரில் ஒருவர் கண்டுபிடிப்பார் என்று தோன்றினால் அந்தக் கதையை எழுத வேண்டாம். உணர்வை மட்டும் எடுத்து முற்றிலும் வேறு சம்பவத்துக்குள் வையுங்கள். கந்தோர்க் கணினியில் கதையை வைத்திருப்பதும் வேண்டாம். இடமாற்றம் வந்தால் கோப்பு அங்கேயே போகும், பென்ட்ரைவில் எடுத்தால் வைரஸோடு வரும்.

பொழுதுபோக்குகளை விட்டுவிடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விட வேண்டியது சில, வைத்திருக்க வேண்டியது இரண்டு. உடம்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று. கண்ணுக்கான பொழுதுபோக்கு, அதாவது போனில் ஓடுகிற சின்ன வீடியோக்களும் தொடர் நாடகமும், நேரே வாசிப்பு நேரத்தைத்தான் தின்னும். அதைத்தான் வெட்ட வேண்டும். வாசிக்காதவரின் எழுத்து இரண்டாம் வருசமே வற்றிவிடும். இரவு அரை மணித்தியாலம் வாசிப்புக்கு என்று வையுங்கள். பிரதேச சபை நூலகத்தில் புத்தகம் கிடைக்காவிட்டால், 2005 முதல் இயங்குகிற நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளும் நூல்களும் இலவசமாக உண்டு.

கரப்பந்து விளையாடுகிறவர் ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போய் இருட்டின பிறகு வருவார். அந்த இரவில் எழுத நினைக்க வேண்டாம், கண் சொருகும். ஆனால் அன்றைய நித்திரை ஆழமாக இருக்கும். ஆகவே செவ்வாய், வியாழன் விளையாட்டு என்றால் புதன், வெள்ளி விடியல்களை எழுத்துக்கு வையுங்கள். தோட்டக்காரருக்கு விடிய மிளகாய்க்குத் தண்ணீர் விடுவதும் எழுத்தும் மோதும். கோடையில் தண்ணீரைப் பொழுதுபட்ட பிறகு மாற்றலாம், மண்ணில் ஈரம் கூட நேரம் நிற்கும். மாரியில் அந்தப் பிரச்சினையே இல்லை. குளத்தில் தூண்டில் போடுகிறவர் இரண்டு மணித்தியாலம் ஒருவரோடும் கதைக்காமல் இருக்கிறார். அதைவிட நல்ல வரைவு மேசை இல்லை, எழுதாமலே எழுதப்படும். கூத்துப் பழகுகிறவர்களின் நிலை வேறு. பழகத் தொடங்கினால் இரண்டு மூன்று மாத இரவுகள் அதற்கே. அந்த மாதங்களை மூடின கிழமைகளில் சேர்த்துவிடுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். கோவலன் கூத்துப் பாட்டை மனப்பாடமாகப் பாடின காதுக்கு வசனத்தின் நடை எங்கே நொண்டுகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மிதிவெடி, நாட்டுத் துவக்குப் பயம் நீங்காத காட்டு ஓரங்களுக்குப் படம் பிடிக்கவோ பறவை பார்க்கவோ தனியே போகாதீர்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும்.

வீட்டைப் பற்றி. பெண்கள் எழுதும் நேரம் பெரும்பாலும் மற்றவர்களின் பசியால் தீர்மானிக்கப்படுகிறது. கணவன் இல்லாமல் குடும்பத்தைத் தாங்குகிற பெண்கள் வன்னியில் நிறையப் பேர். அவர்களிடம் போய் "நேரத்தை ஒதுக்குங்கள்" என்று வெறுமனே சொல்வது அநியாயம். செய்யக்கூடியது சிலது உண்டு. இரவே தேங்காயைத் துருவி, வெங்காயம் மிளகாய் அரிந்து மூடி வைத்தால் விடிய இருபது நிமிடம் மிஞ்சும். கிழமையில் இரண்டு நாள் காலைச் சாப்பாடு பாண் என்று அறிவித்துவிடலாம். வீட்டில் "எழுதப் போறன்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். "நாலே முக்காலில இருந்து அஞ்சரை மட்டும் அம்மாவைக் கூப்பிடாதேங்கோ. அஞ்சரைக்கு வருவன்" என்று மணிக்கணக்கோடு சொல்லி, சொன்ன நேரத்துக்கு எழும்பி வந்தால் இரண்டாம் கிழமையில் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். மனைவி எழுதுகிற வீட்டில் ஒரு சமையலைக் கணவன் முழுக்கப் பொறுப்பெடுக்க வேண்டும். "உதவி" என்று சொல்லி நடுவில் உப்பு எங்கே என்று கேட்டு வருவது கணக்கில் சேராது.

எழுதினதைக் காப்பாற்றுவது தனி வேலை. 2008, 2009 இடப்பெயர்வில் கொப்பிகளை, தட்டச்சுப் பிரதிகளை, முழு நாவல்களை விட்டுவிட்டு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றைக்கு எழுதுகிறவர் ஞாயிறுதோறும் அந்தக் கிழமைப் பக்கங்களைப் போனில் படம் பிடித்துத் தன் மின்னஞ்சலுக்கே அனுப்ப ஐந்து நிமிடம் போதும். படத்தில் பக்க எண் தெரிய வேண்டும், ஆகவே எழுதத் தொடங்கும்போதே எண் போடுங்கள். ஜெல் பேனை வேண்டாம், பலவற்றின் மை மழை பட்டால் கரைந்து ஓடும். போல்பொயின்ற் நிற்கும். மாரியில் கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள், ஆனால் ஈரத்தோடு கட்டினால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். முதலில் காய வைக்க வேண்டும். கறையானுக்குப் பெட்டியை நிலத்திலும் சுவரோடும் வைக்காமல், நாலு கல்லின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து உதறுங்கள். வேப்பிலை போட்டால் போதும் என்று நம்பி ஒரு மாரி முழுக்கத் திறக்காமல் விட்டால் அட்டை மட்டும்தான் மிஞ்சும்.

ரைப் செய்யும்போது முதல் நாளே யூனிகோட்டில் தொடங்குங்கள். கந்தோர்களில் பாமினி எழுத்துருவில் பழகின கைகள் அதிகம். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். அதனால் வட்ஸ்அப்பில் அனுப்பினால் குப்பையாக வரும். மாற்றி மூலம் யூனிகோட்டாக்கலாம். ஆனால் பாமினியில் கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்பதால், பிழையாக அடித்த இடங்களில் கொம்பு பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஔகாரமும் ளகரமும் குழம்பும். மாற்றின பிறகு ஒருமுறை முழுக்க வாசிக்காமல் அனுப்பக் கூடாது. போனில் குரலால் ரைப் செய்கிறவர்கள் அமைப்பில் தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அப்படியும் அது பேச்சு வழக்கை எழுத்து வழக்குக்கு இழுக்கும். "வெளிக்கிட்டனான்" வேறு எதுவாகவோ வந்து நிற்கும். விவரணைக்கு அது உதவும், உரையாடலைக் கையாலேயே அடியுங்கள்.

முடித்த கதையை அனுப்பும் முன் மூன்று நாலு பேர், மாதம் ஒரு போயா, ஊர் வாசிகசாலை. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். எழுதினவர் வாயே திறக்கக் கூடாது. விளக்கம் சொல்லத் தொடங்கினால் குறை எங்கே என்று தெரியாமல் போகும். பிறகு ஞானம், ஜீவநதி மாதிரியான சஞ்சிகைகளுக்கோ ஞாயிறு வாரமலர்களுக்கோ ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டும் அனுப்பி, திகதியைக் கொப்பியில் குறித்து, மூன்று மாதம் பொறுத்து ஒரே ஒருமுறை விசாரியுங்கள். அந்த மூன்று மாதத்தில் அடுத்த கதை வரைவில் இருக்க வேண்டும். ஐந்து கதை சேர்ந்ததும் கடன் வாங்கிப் புத்தகம் அடிக்க வேண்டாம். நம்மிடம் அச்சுச் செலவு பெரும்பாலும் எழுதினவரின் தலையில்தான் விழுகிறது. வெளியீட்டு விழாவில் போன பிரதிகள் போக மிச்சம் வீட்டு மூலையில் கறையானுக்குக் காத்துக் கிடக்கும். பத்துப் பன்னிரண்டு கதை வரட்டும். அதில் மூன்றையாவது தூக்கி எறிய உங்களுக்கு மனம் வர வேண்டும்.

கடைசியாக, மூடின கிழமைகள் முடிந்து திரும்பி வருகிற நாள். வெள்ளமோ அறுவடையோ விடைத்தாளோ மூன்று மாதத்தைத் தின்றிருக்கும். பழைய கொப்பியைத் திறந்தால் எழுதினது எல்லாம் யாரோ எழுதின மாதிரித் தெரியும், கிழித்துப் போட மனம் உந்தும். அதனால் முதல் நாள் அதைத் திறக்காதீர்கள். புதுத் தாளில், மூடியிருந்த மாதங்களில் கண்ட ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள்: முகாமில் கிடந்த ஒற்றைச் செருப்பு, சூடடித்த இடத்தில் சிந்தின நெல். இரண்டாம் நாள் அதையே நினைவிலிருந்து திருப்பி எழுதுங்கள். மூன்றாம் நாள் பழைய கொப்பியின் கடைசி அரைப் பக்கத்தையும், அடியில் எழுதி வைத்த மூன்று குறிப்பையும் மட்டும் பாருங்கள். சைக்கிள் இன்னும் வேலியில் சாத்திக் கிடக்கும். தங்கச்சி தேத்தண்ணியோடு வந்துகொண்டிருப்பாள்.